தலைவர் சொன்னதை ஒருமுறை திரும்ப எழுதிப் பாருங்கள்: நெருக்கடி நேரத்து உரைகளை வாசிக்கும் முறை

"மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர்" என்று எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை ஒரு வாசகர் தொலைபேசியில் அழைத்தார். "அம்மா, அவர்கள் வெளியேறினார்களா, வெளியேற்றப்பட்டார்களா?" என்று நிதானமாகக் கேட்டார். முந்தைய இரவு வந்த ஏஜென்சி செய்தியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ராணுவ வண்டிகள் வந்து ஊரைக் காலி செய்யச் சொன்ன விவரம் ஐந்தாவது பத்தியில் தெளிவாக இருந்தது. முதல் பத்தியில் இருந்த அமைச்சரின் வாக்கியத்தில் மட்டும் ராணுவம் இல்லை. நான் தலைப்புக்கு எடுத்தது அந்த வாக்கியத்தைத்தான்.

வெளியேறினர், வெளியேற்றினர். இரண்டுக்கும் நடுவே ஒரு 'ற்'தான் கூடுதல். அந்த ஓர் ஒற்று விடுபட்டதால், வீட்டைப் பறிகொடுத்தவர்கள் தாமாகவே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியவர்களாகிவிட்டார்கள்.

1986 முதல் 34 ஆண்டுகள் செய்தி மொழிபெயர்ப்பில் இருந்தேன். டெலிபிரிண்டர் காகிதச் சுருளில் தொடங்கிக் கணினித் திரை வரைக்கும், போர், தொற்றுநோய், பொருளாதாரச் சரிவு என்று எந்த நெருக்கடி வந்தாலும் அதற்குப் பொறுப்பான தலைவரின் உரை இரவுப் பணியில் என் மேசைக்கு வந்துவிடும். அந்த உரைகளை வாசிக்க நான் பழகிக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். செய்ய வேண்டியது ஒன்றுதான்: தலைவர் சொன்னதை வாக்கியம் வாக்கியமாக உங்கள் தமிழில் திரும்ப எழுதுங்கள். உரை தமிழிலேயே இருந்தாலும் எழுதுங்கள். யார் செய்தார், யாருக்குச் செய்தார், எதுவரை செய்வார் என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் கேட்டுக் கேட்டு எழுதும்போது, காதுக்குத் தப்பியது கைக்கு அகப்பட்டுவிடும்.

முதலில் முழு உரையையும் தேடி எடுங்கள். தொலைக்காட்சியில் ஓடும் இரண்டு வரிகளும், பகிரப்படும் அரை நிமிடத் துண்டும் போதாது. பெரும்பாலான அரசுகள் உரையின் முழு வடிவத்தைத் தங்கள் தளத்திலேயே வெளியிடுகின்றன. அகலமான ஓரம் விட்டு அச்செடுத்துக்கொள்ளுங்கள். காணொளியைப் பிறகு பாருங்கள். கொடியும் கறுப்புப் பட்டையும் தழுதழுத்த குரலும் முதலில் வந்துவிட்டால் வினைச்சொல் கண்ணில் படாது. இன்னொரு தாளில், உரைக்கு முந்தைய பத்துப் பதினைந்து நாள்களில் நடந்தவற்றைத் தேதி வாரியாக எழுதி வையுங்கள். அந்தத் தாள் இல்லாமல் உட்காராதீர்கள்.

எழுவாய் எங்கே?

பெரும்பகுதி வேலை இங்கேதான். ஒவ்வொரு வாக்கியத்திலும் செய்தவரைத் தேடி அடிக்கோடிடுங்கள். கிடைக்காத இடத்தில் ஒரு வெற்றுக்கோடு போட்டுச் செய்வினையில் எழுதுங்கள்: "______ தவறு செய்தார்."

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பிணைக்கைதிகளை மீட்பதற்காக ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரத்தில் அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன் சிக்கியிருந்தார். 1987 ஜனவரி 27 அன்று நாடாளுமன்றத்தில் பேசியபோது, தாங்கள் விரும்பியது நடக்கவில்லை என்றும், அந்த முயற்சியில் பெரும் தவறுகள் செய்யப்பட்டன என்றும் சொன்னார். யாரால் என்று சொல்லவில்லை. மூத்த உதவி ஆசிரியர் ஒருவர் என் பிரதியை வாங்கிப் பார்த்துவிட்டு, "செய்யப்பட்டன என்பதற்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டு வை. யாராவது வந்து நிரப்புவார்கள்" என்றார். நோட்டுப் புத்தகத்தில் அப்படியே எழுதி வைத்தேன்.

ஆங்கிலத்தில் செயப்பாட்டுவினை செய்யும் வேலையைத் தமிழில் இன்னும் சாதுவான சொற்கள் செய்துவிடுகின்றன. நேர்ந்தது, ஏற்பட்டது, நிகழ்ந்துவிட்டது. "துப்பாக்கிச்சூட்டில் மூவர் பலியாயினர்" என்று பத்திரிகைகளில் நாங்களே ஆயிரம் முறை எழுதியிருக்கிறோம். சுட்டவர் அந்த வாக்கியத்திற்குள் வரவே வேண்டியதில்லை. கேட்பவருக்கும் குறை தெரியாது, இலக்கணம் நிறைவாக இருப்பதால். எனவே தமிழ் உரையை வாசிக்கும்போது 'படு' என்ற துணைவினையைத் தேடுவதோடு நிறுத்தாதீர்கள். உடைந்தது என்றால் உடைத்தது யார், சிதறியது என்றால் சிதறடித்தது யார், முடங்கியது என்றால் முடக்கியது யார் என்று தன்வினையைப் பிறவினையாக்கிப் பாருங்கள். நிலநடுக்கம் ஏற்பட்டது என்பது சரியான வாக்கியம்தான். அதற்குச் செய்தவர் கிடையாது. ஆனால் அடுத்த வரியிலேயே "பள்ளிக் கட்டடங்கள் இடிந்தன" என்று வந்தால் அங்கே கட்டியவரும் அனுமதித்தவரும் உண்டு. கோடு போட்டு வையுங்கள்.

எழுவாய் காணாமல் போவதற்கு நான் பார்த்தவற்றிலேயே மிகக் கொடிய எடுத்துக்காட்டு, போலந்து மீது படையெடுத்த 1939 செப்டம்பர் 1 அன்று ஜெர்மன் நாடாளுமன்றத்தில் ஹிட்லர் பேசிய ஒற்றை வாக்கியம். தமிழில் இப்படி வரும்: "காலை 5.45 மணி முதல் திருப்பிச் சுடப்படுகிறது." மெதுவாகப் படியுங்கள். சுடுபவர் இல்லை. யாரும் முடிவெடுத்ததாகத் தெரியவில்லை. இயற்கை நிகழ்வைப் போல, மழை பெய்கிறது என்பதைப் போல, சுடப்படுகிறது. அதற்கு முன்னால் நிற்கும் 'திருப்பி' என்ற சொல்தான் முழு உரையின் அச்சாணி. அந்த ஒரு சொல் போலந்து முதலில் சுட்டதாகச் சத்தமில்லாமல் நிலைநாட்டிவிடுகிறது. தேதித் தாளை இப்போது பக்கத்தில் வையுங்கள். முந்தைய இரவு, கிளைவிட்ஸ் என்ற எல்லை நகரின் வானொலி நிலையத்தில் போலந்துக்காரர்கள் தாக்கியதுபோல் நாஜிகளின் எஸ்.எஸ். படையினரே நாடகமாடினார்கள். விடியற்காலை ஏறத்தாழ 4.45 மணிக்கே ஜெர்மன் போர்க்கப்பல் டான்சிக் துறைமுகத்தில் போலந்துப் படைநிலை மீது குண்டு வீசத் தொடங்கிவிட்டது. சொன்ன நேரம் தவறு, செய்தவர் இல்லை, 'திருப்பி' பொய். இத்தனையும் ஒரு வாக்கியத்துக்குள்.

'பதிலடி', 'பதில் நடவடிக்கை', 'எதிர்வினை' என்று எந்த நாட்டுத் தலைவர் சொன்னாலும் அந்த இடத்தில் பென்சில் நிற்க வேண்டும். எதற்குப் பதில், அது எந்தத் தேதி, அதற்கு முன் என்ன நடந்தது? பல நேரங்களில் அது உண்மையிலேயே பதிலடியாக இருக்கும். பார்த்துத் தெரிந்துகொண்டபின் நம்புங்கள்.

நாமா, நாங்களா?

இந்த இடத்தில் தமிழ் நமக்குக் கொடுத்திருக்கும் கருவியை வேறு பல மொழிக்காரர்கள் பார்த்தால் ஏங்குவார்கள். ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ரஷ்ய மொழி, இந்தி எல்லாவற்றிலும் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டதா, விலக்கியதா என்று அந்தச் சொல்லை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தலைவர்களுக்கு அந்த மயக்கம் மிகவும் வசதி. ஆனால் அதைத் தமிழாக்க உட்காரும் ஒருவர், நாம் என்று எழுதுவதா நாங்கள் என்று எழுதுவதா என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுத்தே ஆக வேண்டும். நடுநிலையான சொல் நம்மிடம் இல்லை.

உரையில் வரும் ஒவ்வொரு தன்மைப் பன்மைக்கும் ஓரத்தில் 'ம்' அல்லது 'ங்' என்று குறியுங்கள். "நாங்கள் இந்த முடிவை எடுத்தோம்." "நாம் இந்த இழப்பைத் தாங்கிக்கொள்வோம்." முடிவெடுக்கும் இடத்தில் 'ங்' குவிந்து, சுமக்கும் இடத்தில் 'ம்' குவிந்திருந்தால், அந்த உரையின் கணக்கு உங்கள் ஓரத்தில் எழுதப்பட்டுவிட்டது. பதுங்குகுழிக்குள் இருக்கப்போகிறவர் யார், வேலையிழக்கப்போகிறவர் யார் என்று அதிலிருந்தே தெரியும். உரை தமிழில் இருந்து, தலைவர் எல்லா இடத்திலும் 'நாம்' என்றே சொல்லியிருந்தால், எவையெல்லாம் உண்மையில் 'நாங்கள்' என்று நீங்களே மாற்றிப் பாருங்கள். அமைச்சரவைக் கூட்டத்தில் நீங்கள் இருந்தீர்களா என்று கேட்டுக்கொண்டால் போதும்.

இதே சொல்லை நேர்மையாகவும் பயன்படுத்த முடியும். 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு மசூதிகளில் ஒருவன் சுட்டதில் 51 பேர் இறந்தார்கள். பிரதமர் ஜெசிண்டா ஆர்டெர்ன் அன்றே பேசும்போது, பாதிக்கப்பட்டவர்களில் பலர் குடியேறி வந்தவர்களாகவும் அகதிகளாகவும் இருக்கலாம் என்று குறிப்பிட்டு, "அவர்கள் நாம்தான்" என்று சொன்னார். நாங்கள்தான் என்று எழுதிப் பாருங்கள், பொருந்தாது. கேட்பவர் அனைவரையும் உள்ளே இழுத்த நாம் அது. பேச்சோடு நிற்கவில்லை, அடுத்த மாதமே ராணுவ பாணித் துப்பாக்கிகளைத் தடைசெய்யும் சட்டம் நாடாளுமன்றத்தில் 119-க்கு 1 என்ற வாக்கில் நிறைவேறியது. ஒரு நடவடிக்கைக்குச் சொல்லால் நியாயம் தேடுவது எப்போதும் ஏமாற்று வேலை என்று நான் நினைக்கவில்லை. ஏமாற்றையும் நேர்மையையும் பிரித்தறியத்தான் இத்தனை பாடு.

பெயர் எதைத் திறக்கிறது, எதைப் பூட்டுகிறது?

தகாத சொல்லை வேறு சொல்லால் மறைப்பது இடக்கரடக்கல், அமங்கலத்தை மங்கலமாகச் சொல்வது மங்கலம், ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் புரியும்படி பேசிக்கொள்வது குழூஉக்குறி. பள்ளியில் தகுதி வழக்கு என்று படித்த மூன்றும் நெருக்கடி உரையில் ஒன்றாகக் கைகோத்து வரும். சித்திரவதை 'மேம்படுத்தப்பட்ட விசாரணை முறை' ஆவது குழூஉக்குறி. அலுவலகக் குறிப்பில் பிறந்த சொல் அப்படியே மேடைக்கு வந்துவிடுகிறது.

ஆனால் மென்மையாக்குவது பெயரின் ஒரு வேலைதான். பெயருக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று பாருங்கள். 1950 ஜூன் 29 அன்று அமெரிக்க அதிபர் ட்ரூமன், கொரியாவைப் பற்றிக் கேட்டபோது "நாங்கள் போரில் இல்லை" என்றார். அப்படியானால் ஐ.நா.வின் கீழ் நடக்கும் காவல் நடவடிக்கை என்று சொல்லலாமா என்று ஒரு நிருபர் கேட்டார். ஆமாம், சரியாக அதுதான் என்றார் ட்ரூமன். பெயரை எடுத்துக்கொடுத்தது பத்திரிகைக்காரர்தான். என் தொழிலில் இருப்பவர்கள் மறக்கக்கூடாத இடம் இது. போர் என்று அறிவித்தால் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும், காவல் நடவடிக்கைக்கு வேண்டாம். அந்தக் காவல் நடவடிக்கையில் 36,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். கொரியர்கள் லட்சக்கணக்கில் மாண்டார்கள்.

1962 அக்டோபர் 22 அன்று, கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதை அறிவித்த அமெரிக்க அதிபர் கென்னடி, கடல்வழியை மறிக்கப்போவதாகச் சொன்னார். கடல் முற்றுகை என்றால் சர்வதேசச் சட்டப்படி அது போர்ச் செயல். ஆகவே நோய்த்தடுப்புக்குச் சொல்லும் 'தனிமைப்படுத்தல்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். இதுவும் மங்கலம்தான். ஆனால் எதிராளி பின்வாங்க ஒரு வாசலைத் திறந்து வைத்த மங்கலம் என்று நினைக்கிறேன். இந்தச் சொல்லைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனுக்குள் படையை அனுப்பிய விளாதிமிர் புதின் அதைச் 'சிறப்பு ராணுவ நடவடிக்கை' என்றார். எட்டே நாளில், மார்ச் 4 அன்று, ராணுவத்தைப் பற்றிப் 'பொய்த் தகவல்' பரப்பினால் 15 ஆண்டு வரை சிறை என்று சட்டம் வந்தது. ஒரு பெயரைக் காக்கச் சிறைச்சாலை தேவைப்பட்டால், அந்தப் பெயர் எதை மறைக்கிறது என்று வேறு ஆராய வேண்டாம்.

2009-இல் இலங்கையில் போரின் இறுதிக் கட்டத்தை அந்நாட்டு அரசு 'மனிதாபிமான நடவடிக்கை' என்று அழைத்தது. 2011-இல் ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு, 40,000 வரையிலான பொதுமக்கள் இறந்திருக்கும் வாய்ப்பை மறுக்க இயலாது என்று எழுதியது. அந்தச் சொல்லை ஒற்றை மேற்கோள் குறிக்குள் போடுவது எங்கள் டெஸ்க்கில் நான் விடாப்பிடியாக வாங்கிய விதி. குறி இல்லாமல் எழுதினால் அது அரசின் சொல்லாக இருக்காது, என் சொல்லாகிவிடும். நீங்களும் திரும்ப எழுதும்போது, தலைவர் சூட்டிய பெயரை எப்போதும் குறிக்குள் வையுங்கள். பக்கத்தில் உங்களுக்குத் தெரிந்த சாதாரணச் சொல்லை எழுதுங்கள்.

ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் சொல் வேண்டியிருக்கிறது என்பதை 1994 ருவாண்டாவில்தான் கற்றுக்கொண்டேன். துட்ஸி மக்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டால், அதைத் தடுக்க 1948-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் கையெழுத்திட்ட கடமை முன்னால் வந்து நிற்கும். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பேச்சாளர் ஜூன் மாதம் நிருபர்களிடம் 'இனப்படுகொலைச் செயல்கள்' நிகழ்ந்திருக்கின்றன என்று மட்டும் சொன்னார். எத்தனை இனப்படுகொலைச் செயல்கள் சேர்ந்தால் ஓர் இனப்படுகொலை ஆகும் என்று ஒரு நிருபர் கேட்டார். அதற்குத் தன்னால் பதில் சொல்ல இயலாது என்றார் பேச்சாளர். அந்தக் கேள்வி பதிலை மொழிபெயர்த்த இரவை என்னால் மறக்க முடியவில்லை. தமிழில் இரண்டும் ஒரே சொல்லில்தான் தொடங்குகின்றன. 'செயல்கள்' என்று ஒட்டிக்கொண்ட வால்தான் கடமையிலிருந்து அவர்களைக் காப்பாற்றியது.

பெயர் எதிர்ப்பக்கமும் சாயும். போர் அல்லாததைப் போர் என்பார்கள். 2020 மார்ச் 16 அன்று பிரான்ஸ் அதிபர் மக்ரோன் கொரோனா உரையில் "நாம் போரில் இருக்கிறோம்" என்று ஆறு முறை சொன்னார். ஜெர்மனியின் அதிபர் ஸ்டைன்மையர் ஏப்ரலில், இந்தப் பெருந்தொற்று போர் இல்லை, நம் மனிதத்தன்மைக்கு வந்த சோதனை என்றார். இரண்டில் ஒன்றை நான் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இரண்டாவதைத்தான் எடுப்பேன். போர் என்று சொன்ன மறுகணம் செவிலியர் படைவீரர் ஆகிறார். படைவீரரின் மரணம் எதிர்பார்க்கப்பட்ட ஒன்று, அதற்குப் பெயர் தியாகம். செவிலியரின் மரணத்துக்கோ முகக்கவசம் ஏன் வரவில்லை என்று ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரு சுவரொட்டியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஜப்பானின் பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பின், 1942 பிப்ரவரி 19 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 9066 என்ற எண்ணுள்ள ஆணையில் கையெழுத்திட்டார். ஜப்பானியர் என்ற சொல்லே அதில் இல்லை. ராணுவத் தளபதிகள் சில பகுதிகளை ராணுவப் பகுதிகளாக அறிவிக்கலாம், அங்கிருந்து 'எவரையும் அல்லது அனைவரையும்' விலக்கலாம் என்று மட்டும் இருந்தது. யாரையும் குறிக்காத அந்தச் சொற்றொடர், சில வாரங்களில் மேற்குக் கரையின் சுவர்களிலும் கம்பங்களிலும் ஒட்டப்பட்டபோது இப்படி ஆகியிருந்தது: ஜப்பானிய வம்சாவளியினர் அனைவரும், 'அயல்நாட்டவரும் அயல்நாட்டவர் அல்லாதவரும்', அப்புறப்படுத்தப்படுவர்.

அயல்நாட்டவர் அல்லாதவர் என்றால் யார்? ஒரு நாட்டில் அயல்நாட்டவர் அல்லாதவருக்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு: குடிமகன், குடிமகள். அந்தச் சொல்லைச் சுவரொட்டியில் எழுதினால், குடிமக்களைக் குற்றச்சாட்டும் விசாரணையும் இல்லாமல் முகாமில் அடைக்கலாமா என்ற கேள்வி சுவரிலேயே எழுந்துவிடும். எனவே எதிர்மறையைச் சேர்த்து ஒரு சொல்லைக் கட்டினார்கள். ஏறத்தாழ 1,20,000 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் குடிமக்கள். 'அல்லாத', 'சாராத', 'உட்படாத' என்று எதிர்மறையால் ஒரு மனிதரைக் குறிக்கும் சொல் வந்தால், அதன் நேர்ச்சொல்லை உடனே பக்கத்தில் எழுதுங்கள். மறைத்தது வெளியே வந்துவிடும்.

எதுவரை?

இது ஒரே கேள்வி, ஆனால் கேட்க மறந்துபோகும் கேள்வி. ஆபத்து பெரிதாக இருக்கும்போது முடிவைக் கேட்பது அற்பமாகத் தோன்றும். அற்பம் இல்லை. 1933 பிப்ரவரி 27 அன்று ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே வந்த ஆணை, தனிமனித உரிமை, பத்திரிகைச் சுதந்திரம், கூட்டம் கூடும் உரிமை முதலியவற்றை 'மறு அறிவிப்பு வரும்வரை' நிறுத்திவைத்தது. மறு அறிவிப்பு வரவேயில்லை. 1945-இல் அந்த ஆட்சி வீழும்வரை ஆணை நீடித்தது. தேதி, நிபந்தனை, மறுபரிசீலனை செய்யும் அமைப்பு, இந்த மூன்றில் ஒன்றாவது உரையில் இருக்கிறதா என்று பாருங்கள். "நிலைமை சீரடையும்வரை" என்பது மூன்றிலும் சேராது. சீரடைந்துவிட்டது என்று சொல்லப்போவதும் அவரேதான்.

'வேறு வழியில்லை' என்ற சொற்றொடரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அந்த வழிகளைப் பட்டியலிட்டு ஏன் கைவிட்டார்கள் என்று உரை சொல்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதைவிட நுட்பமானது 'கூடும்' என்ற சொல். 2002 அக்டோபரில் ஈராக்கைப் பற்றிப் பேசிய ஜார்ஜ் புஷ், இறுதி ஆதாரத்துக்காகக் காத்திருக்க முடியாது, அந்த ஆதாரம் காளான் வடிவ அணுப்புகையாக வரக்கூடும் என்றார். ஆதாரம் இல்லாததே நடவடிக்கைக்குக் காரணமாகிவிடும் விந்தை அது. வினைமுற்று 'கூடும்'தான், ஆனால் கேட்பவர் மனத்தில் தங்கியது புகைப்படலம். தேடிப் போன பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவில்லை. உரையில் வரும் கூடும், லாம், என நம்பப்படுகிறது ஆகியவற்றை வட்டமிடுங்கள். அடுத்த நாள் தலைப்புகளில் அவை மிஞ்சுகின்றனவா என்றும் பாருங்கள். இடப்பற்றாக்குறையில் முதலில் பலியிடப்படுவது கூடும்தான், நானே பலியிட்டிருக்கிறேன்.

ஓர் உரையின் தொடக்கத்தில் பயிற்சி

1975 ஜூன் 26 காலை வானொலியில் இந்திரா காந்தி பேசினார். தொடக்கத்தை எடுத்துக்கொள்வோம். "குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்திருக்கிறார். பீதியடைய எதுவும் இல்லை." அடுத்து, சாமானிய ஆண்களுக்கும் பெண்களுக்கும் பயன்தரும் சில முற்போக்கு நடவடிக்கைகளைத் தான் தொடங்கிய நாள் முதலே ஆழமான, பரவலான சதி உருவாகி வந்திருப்பதை அனைவரும் அறிவார்கள் என்று நம்புவதாகச் சொன்னார்.

முதல் வாக்கியத்தில் எழுவாய் இருக்கிறது. சட்டப்படி சரியான எழுவாயும் கூட. ஆனால் தேதித் தாளைப் பாருங்கள். முந்தைய இரவு குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைக் கடிதம் அனுப்பியவர் பேசிக்கொண்டிருக்கும் பிரதமர். அமைச்சரவைக்கு விஷயம் தெரிந்தது மறுநாள் காலை. ஆக, எழுவாய் இருந்தால் மட்டும் போதாது, அவருக்கு முன்னால் நின்றவர் யார் என்றும் கேட்க வேண்டும். இரண்டாவது வாக்கியம் யாருக்குச் சொல்லப்பட்டது? எதிரணித் தலைவர்களான ஜெயப்பிரகாஷ் நாராயணனும் மொரார்ஜி தேசாயும் விடிவதற்குள் கைதாகியிருந்தார்கள். மூன்றாவதில் சதி தானாகவே உருவாகி வருகிறது, சதி செய்தவருக்கு அங்கே பெயர் இல்லை. சதி தொடங்கிய காலமாகச் சொல்லப்படுவது முற்போக்கு நடவடிக்கைகள் தொடங்கிய காலம். என் தேதித் தாளில் மிக அருகில் இருப்பதோ ஜூன் 12, அலகாபாத் உயர்நீதிமன்றம் அவருடைய தேர்தல் வெற்றியைச் செல்லாது என்று அறிவித்த நாள்.

எதுவரை என்ற கேள்விக்குக் கூடிய விரைவில் என்பதுதான் பதில். 21 மாதங்கள் ஆயின. அந்த அனுபவத்திலிருந்து நாடாளுமன்றம் கற்றுக்கொண்டது ஒரு மொழிப்பாடம் என்றே சொல்வேன். 1978-இல் அரசியல் சட்டத்தின் 44-ஆவது திருத்தம், 352-ஆவது பிரிவில் இருந்த 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ஆயுதக் கிளர்ச்சி' என்று வைத்தது. குழப்பம் என்று எதை வேண்டுமானாலும் சொல்லலாம், ஆயுதம் இருந்ததா இல்லையா என்று கேட்டுவிட முடியும். அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வர வேண்டும் என்றும் சேர்த்தார்கள்.

நேர்மையான உரையும் உண்டு

இவ்வளவும் பழகியபின் எல்லாத் தலைவர்களும் பொய்யர்கள் என்று தோன்றத் தொடங்கும். எனக்கும் சில ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. அது வாசிப்பின் தோல்வி. எல்லாவற்றையும் நம்பாதவர், நம்ப வேண்டிய எச்சரிக்கையையும் தவறவிடுவார்.

1940 ஜூன் 4 அன்று, பிரான்ஸின் டன்கிர்க் கடற்கரையிலிருந்து 3,00,000-க்கும் மேற்பட்ட வீரர்கள் மீட்கப்பட்ட மகிழ்ச்சியில் பிரிட்டன் இருந்தபோது, பிரதமர் சர்ச்சில் நாடாளுமன்றத்தில் இதை வெற்றியாக எண்ணிவிடக் கூடாது, வெளியேற்றங்களால் போர்கள் வெல்லப்படுவதில்லை என்றார். இறந்தவர், காயமடைந்தவர், காணாமல் போனவர் 30,000-க்கு மேல் என்றும், ஏறத்தாழ 1,000 பீரங்கிகள் போயின என்றும் சொன்னார். நடந்ததைப் பெரும் ராணுவப் பேரழிவு என்றே அழைத்தார். போரைத் தொடர மக்களைத் தயார்படுத்தும் உரைதான் அதுவும். ஆனால் கணக்கைக் காட்டிவிட்டுக் கேட்டார்.

2020 மார்ச் 18 அன்று ஜெர்மனியின் அன்றைய ஆட்சித் தலைவர் அங்கெலா மெர்க்கல் கொரோனாவைப் பற்றிப் பேசியபோது, "நிலைமை தீவிரமானது, நீங்களும் தீவிரமாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். பயணச் சுதந்திரம் போராடிப் பெற்ற உரிமையாக இருந்த தன்னைப் போன்ற ஒருவருக்கு, இப்படிப்பட்ட கட்டுப்பாடுகள் முற்றிலும் அவசியமானால்தான் நியாயமாகும், மக்களாட்சியில் அவை தற்காலிகமாகவே இருக்க வேண்டும் என்றார். அவர் கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்தவர். எதைப் பறிக்கிறேன் என்று பெயர் சொல்லிப் பறித்த உரை அது. என் ஓரத்தில் வெற்றுக்கோடுகள் மிகக் குறைவு.

நோட்டை மூடாதீர்கள்

எழுதி முடித்த தாளைத் தேதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாதமும் முதலாம் ஆண்டு நிறைவிலும் எடுத்து, வெற்றுக்கோடுகளில் எவை நிரம்பின என்று பாருங்கள். சில மிக விரைவில் நிரம்பும். 1987 மார்ச் 4 அன்று ரீகன் மறுபடி பேசினார். பிணைக்கைதிகளுக்காக ஆயுதங்களை விலையாகக் கொடுக்கவில்லை என்று சில மாதங்களுக்கு முன் மக்களிடம் சொன்னேன், என் மனம் இன்னும் அதையே உண்மை என்கிறது, ஆனால் உண்மைகளும் ஆதாரங்களும் அப்படியில்லை என்கின்றன என்றார். மனத்துக்கும் ஆதாரத்துக்கும் நடுவே கொஞ்சம் ஒளிந்துகொண்டாலும் 'நான் சொன்னேன்' என்று எழுவாய் வந்துவிட்டது. ஜனவரிப் பக்கத்துக் கோட்டைச் சிவப்புப் பென்சிலால் நிரப்பினேன்.

சிலவற்றுக்குத் தலைமுறை தேவைப்படும். 'அயல்நாட்டவர் அல்லாதவர்' அடைக்கப்பட்டதற்கு 46 ஆண்டுகள் கழித்து, 1988-இல் வந்த அமெரிக்கச் சட்டம் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்கியது. காரணங்களையும் அது பெயர் சொல்லி எழுதியது: இன வெறுப்பு, போர்க்கால வெறி, அரசியல் தலைமையின் தோல்வி.

செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மூன்று நாள் கழித்து, 2001 செப்டம்பர் 14 அன்று அமெரிக்க நாடாளுமன்றம் அதிபருக்குப் படைபலத்தைப் பயன்படுத்த அதிகாரம் அளித்த தீர்மானத்தின் மையப் பகுதி ஆங்கிலத்தில் 60 சொற்கள்தான். நாடுகள், அமைப்புகள், நபர்கள் என்று இருந்தது. எந்த நாடு என்று இல்லை, தேதியும் இல்லை. பிரதிநிதிகள் சபையில் 420 பேர் ஆதரித்தார்கள், பார்பரா லீ ஒருவர் எதிர்த்தார். ஆப்கானிஸ்தானைத் தாண்டி யேமன், சோமாலியா வரை அந்தச் சொற்கள் பயணம் செய்தன. அன்றிரவு நான் அதைத் தமிழில் எழுதி, வழக்கம்போல 'எதுவரை' என்று கேட்டு ஒரு கோடு போட்டேன். பக்கம் பழுப்பேறிவிட்டது, கோடு அப்படியே இருக்கிறது.